பாதியாய்ப் போன சேதி

எட்டு மாதமாக அந்தக் குடும்பத்தில் இரண்டு ஆண்கள் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. அவர்கள் பேச வேண்டியதையெல்லாம் நாகஜோதிதான் பேசிக்கொண்டிருந்தாள்.

ஒருவர் அவள் கணவர் முத்துகிருஷ்ணன். இன்னொருவன் அவள் தம்பி வினோத்குமார். கணவரின் தங்கை ஜெயசுதாவுக்கும் வினோத்துக்கும் பேசி முடித்து, பரிசத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, "எனக்கு வேண்டாம்" என்று அவன் சொல்லிவிட்டான். ஏன் என்று கேட்டால் அன்றைக்கும் தலையைக் குனிந்தான், இன்றைக்கும் குனிகிறான்.

அன்றிலிருந்து, "உன் தம்பிகிட்டச் சொல்லி வையி" என்று இவர் ஆரம்பிப்பார். "மச்சான்கிட்டச் சொல்லிருக்கா" என்று அவன் முடிப்பான். நடுவில் நாகஜோதி.

அவள் ரவிக்கை தைக்கிறவள். உறுத்துகிற ஓரத்தை உள்ளே மடித்துத் தைப்பது கைக்கு வந்த பழக்கம். வாய்க்கும் வந்துவிட்டது. "அந்தப் பயகிட்ட" என்று இங்கே கிளம்பியது அங்கே "உங்கிட்ட" என்று போய்ச் சேரும். "அவருக்கு என்ன தெரியும்" என்பது "அவருக்கு நேரமில்லையாம்" என்று ஆகும். இப்படித்தான் எட்டு மாதம் சண்டையில்லாமல் ஓடியது.

இந்த ஐப்பசி மாதத்துப் புதன்கிழமையும் அப்படித்தான் விடிந்தது.

ஜெயசுதாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். நயினார்கோவில் பக்கத்துக் குடும்பம். மாப்பிள்ளை காளீஸ்வரன் பரமக்குடியில் ஒரு பாலிடெக்னிக்கில் வாத்தியார். வீட்டுக்கு வரச் சொல்லி, முன்பு போல ஒன்று ஆகிவிட்டால் தெருவே பேசும் என்று முத்துகிருஷ்ணன் இராமேஸ்வரத்தில் ஏற்பாடு செய்திருந்தார். கோயிலில் சாமி கும்பிட்டுவிட்டு, அவர்கள் தங்கியிருக்கும் லாட்ஜில் வைத்துப் பார்த்துக்கொள்வதாகப் பேச்சு.

அவருடைய கார் பழுதாகிக் கிடந்தது. மச்சினன் வினோத்தின் கார் பட்டறை தேவிபட்டினம் சாலையில் கூப்பிடு தூரத்தில் இருக்க, வீம்புக்கு அதைப் பரமக்குடியில் கொண்டுபோய் விட்டிருந்தார். நாகஜோதிதான் முந்தின நாள் தம்பியிடம் அவன் காரைக் கேட்டாள்.

"யாருக்குக்கா?" என்றான் வினோத்.

"ஜெயசுதாவைப் பொண்ணு பாக்க வாராங்கடா."

கையிலிருந்த ஸ்பானரை அவன் துடைத்துக்கொண்டே இருந்தான். பிறகு, "கொண்டு போகச் சொல்லு" என்றான்.

அது சின்ன கார்தான். ஆனால் வினோத் அதைப் போட்டிக்கென்று மாற்றியிருந்தான். மைதானத்தில் கூம்புகளை வைத்து, அவற்றைச் சுற்றி வளைத்து வளைத்து ஓட்டும் போட்டி. போன ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூரில் மூன்றாவதாக வந்திருந்தான். ஊரில் யாருக்கும் அது பெரிதாகப்படவில்லை.

காலை ஆறரைக்கு அவன் காரைக் கொண்டுவந்து வாசலில் விட்டான். உள்ளே வரவில்லை. சன்னல் வழியாகவே நாகஜோதியிடம் சொன்னான்.

"அக்கா, மச்சான்கிட்டச் சொல்லிரு. பின்பக்கம் ரொம்ப டைட்டா வச்சிருக்கேன். போட்டிக்கு வச்ச மாதிரியே இருக்கு. லூஸ் பண்ணலாம்னா போல்ட்டு உப்புக் காத்துல துருப்பிடிச்சுக் கழல மாட்டேங்குது. வளைவுல வேகமாப் போயி, நடுவுல பொசுக்குன்னு ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்துறக் கூடாது. மறக்காமச் சொல்லு. ஒம்பது மணிக்குத்தான கெளம்புறாக? அதுக்குள்ள எண்ணெய் விட்டுக் கழட்ட முடியுதான்னு ஆளோட வாரேன்."

"சொல்லிர்றேன்டா."

உள்ளே முத்துகிருஷ்ணன் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். "என்னவாம் தொரைக்கு?" என்றார்.

அவருக்கு இருபது வருடமாக ஓட்டிய கை. 'காலை எடுக்காதீங்க' என்று மச்சினன் சொன்னதாகச் சொன்னால், 'எனக்கு ஓட்டச் சொல்லித் தர்றானா?' என்று சாவியை வாசலில் வீசினாலும் வீசுவார். நல்ல காரியத்துக்குப் போகிற நேரம். நாகஜோதி வழக்கம்போல மடித்தாள்.

"எல்லாம் டைட்டா வச்சிருக்கானாம். பாத்து ஓட்டச் சொன்னான்."

"அது போதும். நம்ம வண்டிதான் பூராவும் லூசாக் கெடந்துச்சு."

மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன் வந்தது. ஏழரைக்கு எமகண்டம் பிடிக்கிறது, அதற்கு முன் வாசலைத் தாண்டிவிடுங்கள் என்றார்கள். ஏழேகாலுக்கே கிளம்பினார்கள். மூன்று பேராகப் போகக் கூடாது என்று நாகஜோதி வீட்டில் நின்றுகொண்டாள். வண்டியில் ஏறும்போது ஜெயசுதா முந்தானையை மட்டும் சரிசெய்துகொண்டாள். அந்த வண்டி யாருடையது என்று அவள் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை.

எட்டே முக்காலுக்கு வினோத் வந்தான். பின்னால் பட்டறை ஆள் அய்யப்பன், கையில் எண்ணெய் டப்பாவும் நீளமான இரும்புக் குழாயும்.

"வண்டி எங்கக்கா?"

"அவங்க அப்பவே போயிட்டாங்களே."

"ஒம்பது மணின்னு சொன்ன?"

"எமகண்டம்டா."

வினோத் குழாயை வாங்கிச் சுவரில் சாத்தினான். "சரி. சொல்லிட்டேல்ல?"

"சொன்னேன்."

"என்னன்னு சொன்ன?"

அவள் சொன்னாள்.

அவன் முகம் மாறியது.

"காலை எடுக்கக் கூடாதுன்னு சொல்லலையா?"

"அவரு கோவிச்சுக்குவாருன்னு... டைட்டா இருந்தா நல்லதுதானடா? லூசா இருந்தாத்தான பயம்?"

அய்யப்பன் ஒரு பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கினான். "ஊரே அப்பிடித்தான் நெனைக்குது அண்ணாச்சி. வர்ற ஆளெல்லாம் டைட் பண்ணு, டைட் பண்ணுங்கிறாக."

"ஏலே, சும்மா இரு." வினோத் வாசற்படியில் உட்கார்ந்தான். ஒரு தீப்பெட்டியை எடுத்துத் தரையில் வைத்து விரலால் தள்ளினான்.

"பாருக்கா. இது முன்சக்கரம் இழுக்குற வண்டி. வளைவுல வேகமாப் போனா, திருப்பினாலும் மூக்கு நேரா வெளிய ஓடப் பாக்கும். அது ஓடாம இருக்கத்தான், பின்னாடி ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல தடியா ஒரு கம்பி போட்டிருக்கேன். ஆன்ட்டி ரோல் பார்னு சொல்லுவாக. வண்டிய ஒரு பக்கம் சாய விடாது. அதுல மூணு ஓட்டை இருக்கு. இருக்கதுலயே டைட்டான ஓட்டையில மாட்டியிருக்கேன். இப்ப மூக்கு சொன்ன பேச்சைக் கேக்கும்."

"பெறகென்ன?"

"வளைவு நடுவுல பயந்து காலை எடுத்தா, கனம் பூரா முன்னாடி சாஞ்சிரும். பின்சக்கரம் தரையில பேருக்குத்தான் நிக்கும். அந்தக் கம்பி அதைக்கூட நிக்க விடாது. வால் சுத்தி முன்னாடி வந்துரும். ஈர ரோடுன்னா சொல்லவே வேணாம்."

"பயந்தா எல்லாருக்கும் காலை எடுக்கத்தானடா தோணும்?"

"அதான் சொல்றேன்."

நாகஜோதி போனை எடுத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வண்டி ஓட்டும்போது முத்துகிருஷ்ணன் போனைத் தொடமாட்டார். அந்த நல்ல பழக்கத்தை அவள் பத்துப் பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். ஜெயசுதாவின் எண்ணுக்குப் போட்டாள். அதுவும் எடுக்கவில்லை. ஒன்பதேமுக்காலுக்கு இரண்டு போனும் அணைந்திருந்தன. கோயிலுக்குள் போய்விட்டார்கள். அங்கே போன் கொண்டுபோக விடமாட்டார்கள்.

"அப்ப நல்லபடியாப் போய்ச் சேந்துட்டாங்க," என்றாள்.

"போயிட்டாக. வரணும்ல."

"நீ போயி அங்கன வச்சே கழட்டிரு."

"நானா?" வினோத் சிரித்தான். சிரிப்பில் ஒன்றும் இல்லை. "பொண்ணு பாக்குற எடத்துல நான் போயி வண்டிக்கடியில படுத்தா நல்லா இருக்குமாக்கா? இவரு யாருன்னு மாப்பிள்ளை கேட்டா, மச்சான் என்னன்னு சொல்லுவாரு?"

அய்யப்பனைத் தனியே அனுப்பலாம் என்றால், அவன் வினோத்தின் ஆள் என்று முத்துகிருஷ்ணனுக்குத் தெரியும். வண்டியைத் தொடவே விடமாட்டார். போனில் சொல்லிக்கொள்ளலாம் என்று காத்திருந்தார்கள்.

காத்திருக்கும் நேரத்தில் மனது சும்மா இருக்காது. தைக்க எடுத்த துணியை மடியில் வைத்துக்கொண்டு நாகஜோதி காலையில் தான் சொன்ன வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். அதில் பொய் எதுவும் இல்லை. வினோத் சொன்ன வார்த்தைதான். பாதியை விட்டுவிட்டாள், அவ்வளவுதான். சமாதானத்துக்காகத்தான் விட்டேன் என்று முதலில் நினைத்தாள்.

பிறகு இன்னொன்றும் தோன்றியது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை. இந்த எட்டு மாதமாக இரண்டு பேரும் எதற்கெடுத்தாலும் அவளைத்தான் தேடி வந்தார்கள். கல்யாணமாகிப் பதினைந்து வருடத்தில் முத்துகிருஷ்ணன் அவள் முகத்தைப் பார்த்து, "அவன் என்ன சொன்னான்?" என்று ஆவலோடு கேட்டது இந்த எட்டு மாதத்தில்தான். யாரிடம் எதை எவ்வளவு சொல்வது என்பது அவள் கையில் இருந்தது. அந்த இடம் அவளுக்குப் பிடித்திருந்தது. அவர்கள் சேர்ந்துவிட வேண்டும் என்று நயினார்கோவில் சாமிக்கு நேர்ந்துகொண்டவள்தான். ஆனால் ஒருநாள்கூட இரண்டு பேரையும் ஓர் அறையில் உட்கார வைக்க அவள் முயலவில்லை.

பன்னிரண்டு பத்துக்கு முத்துகிருஷ்ணனே கூப்பிட்டார். குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவள் கேட்டு வெகுநாளாகியிருந்தது.

"ஜோதி, பிடிச்சுப் போச்சாம்! பையன் தங்கமான பையன். எல்லாரும் இங்கன உக்காந்திருக்கோம்." கொஞ்சம் தள்ளி வந்து, குரலைத் தாழ்த்தினார். "உன் தம்பி வண்டி சும்மா சொல்லக் கூடாது. பாம்பன் எறக்கத்துல திருப்புனா அப்பிடியே ஒட்டிக்கிட்டுப் போகுது. இப்பிடி ஒரு வண்டிய நான் ஓட்டினதே இல்ல."

"ஏங்க, ஒரு விசயம்..."

"இரு, கேளு. ராகு காலம் ஒன்றரைக்கு முடியுது. சாப்பிட்டுட்டு ரெண்டு பேரும் தனியாப் பேசிக்கிறட்டும்னு அவுக அம்மாவே சொல்லிட்டாக. தனுஷ்கோடி வரைக்கும் போயிட்டு வாரோம்னு மாப்பிள்ளை கேட்டாரு. வண்டிச் சாவியக் குடுத்துட்டேன்."

வினோத் எழுந்து நின்றான். போனிலிருந்து வந்த குரல் அவனுக்கும் கேட்டிருந்தது.

நாகஜோதி முதல் முறையாக எதையும் மடிக்காமல் சொன்னாள். "குடுக்காதீங்க. அந்த வண்டி போட்டிக்கு வச்ச வண்டி. வளைவுல காலை எடுத்தாப் பின்னாடி சுத்திரும். தெரியாதவங்க ஓட்டக் கூடாது. சாவிய வாங்குங்க."

அந்தப் பக்கம் யாரோ சிரிப்பதும் தட்டு வைக்கும் சத்தமும் கேட்டன.

"அவன் சொல்லச் சொன்னானா?"

"ஆமா... இல்ல, காலையிலயே சொன்னான். நான்தான்..."

"காலையில எல்லாம் டைட்டா இருக்குன்னு சொன்னது யாரு? நீதான? இப்ப மாப்பிள்ளைக்குப் பிடிச்சிருச்சுன்னதும் அதே வாயால சுத்திருங்கிற."

"சத்தியமாங்க. நான்தான் பாதியை விட்டுட்டேன்."

"அவன் பக்கத்துல இருக்கானா?"

அவளால் பொய் சொல்ல முடியவில்லை. "இருக்கான்" என்றாள்.

"ஒண்ணைக் கெடுத்தான். அது பத்தாதுன்னு இதையும் கெடுக்கப் பாக்குறான். கட்டிக்கவும் மாட்டான், கட்டிக் குடுக்கவும் விடமாட்டானா? குடுத்த சாவியத் திருப்பி வாங்கினா மாப்பிள்ளை வீட்டுல என்ன நெனைப்பாங்க? வையி போனை."

அவர் வைத்துவிட்டார்.

மறுபடி கூப்பிட்டாள். வெட்டினார். மறுபடி கூப்பிட்டாள். வெட்டினார். ஜெயசுதாவின் எண்ணுக்குப் போட்டாள். எடுத்தது முத்துகிருஷ்ணன். "அவ போனு எங்கிட்டத்தான் இருக்கு. சும்மா சும்மா கூப்பிட்டு அசிங்கப்படுத்தாத." அதன் பிறகு இரண்டும் அணைந்துவிட்டன.

வினோத் ஏற்கெனவே பைக்கில் இருந்தான். ஸ்பானர்களை ஒரு துணியில் சுற்றிச் சட்டைக்குள் செருகினான்.

"ஒன்றரைக்குள்ள போயிருவேன்க்கா. அவுகளை வாசல்லயே மறிச்சுக்கிறேன். மச்சான் அடிச்சாலும் பரவால்ல."

"நீ மெதுவாப் போடா..." என்று சொல்லிவிட்டு, தான் எதைச் சொல்கிறோம் என்று அவளுக்கே புரியவில்லை.

அவன் தெருமுனை திரும்புவதற்குள் தூறல் விழுந்தது. அய்யப்பன் இரும்புக் குழாயை எடுத்துக்கொண்டு, என்ன சொல்வது என்று தெரியாமல், "நல்ல மழை இல்லக்கா, விட்டுரும்" என்று சொல்லிவிட்டுப் போனான். மழை விடவில்லை. ஒரு மணிக்குக் கேணிக்கரைத் தெருவில் தண்ணீர் ஓடியது.

ஒன்றே காலுக்கு வினோத் பேசினான். காற்று இரைந்தது. "பாம்பன் பாலத்துல நிக்கிறேன்க்கா. கடலைப் பாக்குறேன்னு ஒரு பஸ்ஸை நடுவுல நிப்பாட்டியிருக்கான். பைக்குக்கூட நுழைய முடியல."

ஒன்று ஐம்பதுக்கு மறுபடி பேசினான். "லாட்ஜுக்கு வந்துட்டேன். வண்டி இல்ல. இப்பத்தான் போனாகளாம். மாடியில நிக்கிற மச்சான் என்னைப் பாத்துட்டாரு. நான் போறேன்."

அதன் பிறகு அவனும் கிடைக்கவில்லை. தனுஷ்கோடி சாலையில் பாதித் தூரத்துக்கு மேல் சிக்னல் இருக்காது என்று அவளுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் கடலும், நடுவில் சாலையும், சாலையில் காற்று கொண்டுவந்து போடும் மணலும். அது அவள் பார்க்காத ஊர் இல்லை. சின்ன வயதிலிருந்து எத்தனையோ முறை போயிருக்கிறாள். ஆனால் அந்தச் சாலையில் எத்தனை வளைவு என்று இன்றைக்குத்தான் எண்ணிப் பார்த்தாள். முகுந்தராயர் சத்திரத்துக்கு அருகில் ஒன்று. அது தவிர நேர் சாலைதான். ஒன்றே ஒன்றுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு, ஒன்று போதுமே என்றும் சொல்லிக்கொண்டாள்.

அடுப்பில் உலை கொதித்து வழிந்து அணைந்திருந்தது. அதைப் பற்றவைக்கவில்லை. சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றாள். என்ன கேட்பது? காளீஸ்வரன் என்ற முகம் தெரியாத பையன் வளைவில் பயப்படாமல் இருக்க வேண்டும் என்றா? அவனுக்குக் கால் தூக்கத் தோன்றக் கூடாது என்றா? அப்படி ஒரு வேண்டுதலை அவள் கேள்விப்பட்டதே இல்லை. ஆனாலும் அதைத்தான் வேண்டினாள்.

இரண்டு முப்பத்தைந்துக்குத் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது.

"மதினி..."

ஜெயசுதாவின் குரல்.

"எங்கடி இருக்க? என்னடி ஆச்சு?"

"சத்திரத்துக்கிட்ட. சங்கு விக்கிற அக்கா போனு இது, இதுக்கு மட்டும்தான் இங்கன சிக்னல் கெடைக்குது. எனக்கு உங்க நம்பர் ஒண்ணுதான் மனப்பாடமாத் தெரியும். வண்டி சுத்திருச்சு மதினி. ரெண்டு சுத்து. மணல்ல ஏறி நின்னுருச்சு. எனக்கு ஒண்ணும் இல்ல. அவருக்குத்தான் கை... மணிக்கட்டு வீங்கியிருக்கு. ஆனா நல்லாத்தான் பேசுறாரு. எனக்குத் தைரியம் சொல்றாரு."

"அவரு ஓட்டினப்பவா?"

"இல்ல மதினி. நான்தான் ஓட்டினேன். ஆசையா இருந்துச்சு. ஓட்டத் தெரியுமான்னு கேட்டாரு, தெரியும்னு சொன்னேன். எறங்கிச் சாவியக் குடுத்தாரு. நல்லாத்தான் ஓட்டினேன். நல்லா ஓட்டுறீங்களேன்னு சிரிச்சாரு. வளைவுல திருப்பிட்டேன். பாதியில இருக்கேன். அப்பத்தான், யாரு கத்துக் குடுத்தான்னு கேட்டாரு."

நாகஜோதி கண்ணை மூடிக்கொண்டாள். போன வருடம் சித்திரை, வைகாசி முழுக்க, சாயங்காலத்தில் மைதானத்துக்கு ஜெயசுதாவைக் கூட்டிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டப் பழக்கியவன் வினோத். கூடத் துணைக்கு ஓரத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றவள் நாகஜோதியேதான்.

"நான் ஒண்ணும் சொல்லல மதினி. காலை மட்டும் எடுத்துட்டேன்."

"அழாத. அழாதடி. உயிரோட இருக்கீகள்ல, அது போதும்."

"அண்ணன்கிட்ட நான் ஓட்டினேன்னு சொல்லிறாதீங்க. அவரு ஓட்டினாருன்னு சொல்லிருங்க. அவரே அப்பிடித்தான் சொல்லச் சொல்றாரு. உங்க அண்ணன் உங்களைத் திட்டக் கூடாதுன்றாரு."

நாகஜோதி வாயைத் திறந்தாள். 'சரி' என்று சொல்லத்தான் அது பழகியிருந்தது.

"மதினி, கேக்குதா? இருங்க... ஒரு பைக் வருது."

"ஜெயா, அது வந்து..."

"மதினி, யாரு வரச் சொன்னது?" அந்தக் கேள்வியில் கோபம் இருந்ததா, வேறு ஏதாவது இருந்ததா என்று நாகஜோதியால் பிரிக்க முடியவில்லை. போன் கைமாறும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு புதிய குரல், கடற்கரைக் குரல்.

"அக்கா, நான் ஜோதிமேரி. கடைக்காரி. இந்தப் புள்ள போனைக் குடுத்துட்டு ரோட்டுல நடந்து போகுது."

"யாருகிட்டப் போறா?"

"பைக்குல வந்த ஆளுகிட்டத்தான். சட்டையெல்லாம் நனஞ்சு கெடக்கு. ரெண்டும் நிக்கிதுக. கை வீங்குன தம்பி இங்கன என் பெஞ்சுல உக்காந்து பாத்துக்கிட்டிருக்கு."

நாகஜோதியின் காதில் இடையிடையே டிக் டிக் என்று ஒலித்தது. திரையைப் பார்த்தாள். முத்துகிருஷ்ணன் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அவள் எடுக்கவில்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"தாயி, என்ன பேசிக்கிறாங்கன்னு கொஞ்சம் கேட்டுச் சொல்றீகளா?"

"காத்து இந்த அடி அடிக்குதேக்கா," என்றாள் ஜோதிமேரி. "அந்தப் புள்ளதான் பேசுது. அந்த ஆளு தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிக்கிறாரு. எனக்கு ஒண்ணும் கேக்கல."